திருடனுக்குத் தேள் கொட்டிய கதை

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே உள்ள மாடி அறைதான் என் அலுவலகம். மாங்கூழ் ஆலைக்கு லாரி ஓட்டுபவர், ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவர், காவேரிப்பட்டணத்து மண்டி வியாபாரி என்று பலருடைய வங்கி அறிக்கைகளை வரி வரியாகப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. "இந்த 2,360 ரூபாய் யாருக்குப் போனது? இந்தப் பிடித்தம் ஏன் மாதாமாதம் வருகிறது?" என்று நான் துருவித் துருவிக் கேட்பதால், என்னிடம் அறிக்கையைக் கொடுக்கவே சிலர் கூச்சப்படுவதுண்டு. அப்படிப்பட்டவனுடைய சொந்தக் கிரெடிட் கார்டில் ஒரே வெளிநாட்டு விற்பனையாளர் ஏழு வாரத்துக்குள் மூன்று முறை கைவைத்திருந்தார். மூன்றாவது முறைக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. போன தொகை 16,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். பணத்தைப் பற்றிய வருத்தம் எப்போதோ ஆறிவிட்டது. அது போனதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் நடந்துகொண்ட விதம்தான் ஓராண்டு கடந்தும் ஆறாமல் இருக்கிறது.

பொருள் இ-சிகரெட். இளைஞர்கள் வேப் என்கிறார்கள். நான் அதை விலை கொடுத்து வாங்கவில்லை. 'இலவசமாகச் சோதித்துப் பார்க்க' ஒப்புக்கொண்டேன், அவ்வளவுதான். இன்றுவரை அதைக் கண்ணால் பார்த்ததும் இல்லை.

கல்லூரி நாட்களில் தொற்றிய சிகரெட் பழக்கம் எனக்கு உண்டு. சாதாரண நாட்களில் ஒரு பாக்கெட், கணக்கு முடிக்கும் ஜூலை மாதத்தில் ஒன்றரை. மனைவி சொல்லி, மருத்துவர் சொல்லி, பல முறை விட்டிருக்கிறேன், அதே அளவுக்குப் பல முறை பிடித்தும் இருக்கிறேன். 2024 மே மாதம், பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில், என் மகள் ஒருநாள் அலமாரியைத் திறந்துவிட்டு, "அப்பா, இனிமே உங்க சட்டையை என் ரூம்ல மாட்டாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். அவள் சாதாரணமாக, துணி மடிப்பதைப் போலச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று இரவு தூக்கம் வராமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. புகை இல்லை, நாற்றம் இல்லை, சட்டையில் ஒட்டாது, முழுப் பெட்டியும் இலவசம், அனுப்பும் செலவு 4.95 டாலர் மட்டும். நம் பணத்தில் அப்போது 413 ரூபாய் சொச்சம். என் சிகரெட் செலவில் இரண்டு நாள் கணக்குக் கூட வராது என்று மனம் உடனே கணக்குப் போட்டது. தொழில் புத்தி வேலை செய்த இடம் அது ஒன்றுதான்.

தடை செய்யப்பட்ட பொருள் என்று எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதினால் கதை எனக்குச் சாதகமாக இருக்கும். ஆனால் தெரியும். 2018-லேயே தமிழ்நாடு அரசு தடை விதித்தது; மறு ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து, டிசம்பரில் அதை நாடாளுமன்றச் சட்டமாகவே ஆக்கியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் எல்லாமே அதில் அடக்கம். சேமிப்பைத் தவிர மற்றவற்றில் முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் கடை வைக்கவில்லையே, எனக்கென்று ஒன்று வரவழைக்கிறேன், இதற்கா வருவார்கள் என்று அந்த இரவில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தாலும் இறக்குமதி இறக்குமதிதான் என்று வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்.

அந்தப் பக்கம் கேட்டதும் கேட்காததும்

விளம்பரத்தைத் தொட்டதும் திறந்த பக்கத்தின் உச்சியில் பத்து நிமிடக் கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. 'இன்னும் 7 பெட்டிகள் மட்டுமே' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பெயர், முகவரி, 635001 என்ற அஞ்சல் குறியீடு, கைப்பேசி எண், கார்டு எண், அதன் பின்புறத்து மூன்று இலக்கம் என்று வரிசையாகக் கேட்டது. ஒரு பிடிஎஃப் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதற்காக என் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருந்தேன்; 2020 முதல் நம் வங்கிகள் புதிதாகத் தரும் கார்டுகளில் அந்த வசதியை மூடியே தருகின்றன என்பதையும், அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கவில்லை. ஓடிபி வரும், வந்ததும் யோசிக்கலாம் என்றிருந்தேன். வரவில்லை. ஓடிபி நம் நாட்டு ஏற்பாடு; வெளிநாட்டு விற்பனையாளர் அது இல்லாமலேயே பணத்தை எடுத்துக்கொள்ள முடிந்தது. 'நன்றி' என்று பக்கம் மாறியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

ஏழு வாரம் கழித்து அதே பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். கடிகாரம் மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கியது. பெட்டிகள் அப்போதும் ஏழுதான். பொத்தானுக்குக் கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், நகக்கண் அளவு எழுத்தில் நான்கு வரிகள் இருந்தன. திரையை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. ஆர்டர் செய்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் ரத்து செய்யாவிட்டால் பெட்டியின் முழு விலையான 89.95 டாலர் பிடித்தம் செய்யப்படும் என்றும், அதன்பின் 30 நாட்களுக்கு ஒரு முறை மறுநிரப்பு அனுப்பப்பட்டு அதே தொகை பிடிக்கப்படும் என்றும், ரத்து செய்வதற்குப் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் அவை சொல்லின. இவ்வளவும் கேட்ட அந்தப் பக்கம் என் வயதை மட்டும் கேட்கவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

கணக்கு எண்ணுவது 'ஆர்டர் செய்த நாளிலிருந்து' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடல் கடந்து வரவேண்டிய பொட்டலம் 14 நாளில் வந்து சேராது என்பது அனுப்புகிறவருக்குத் தெரியும். சோதித்துப் பார்க்கும் காலம், சோதிப்பதற்கான பொருள் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. என் விஷயத்தில் பொட்டலம் வரவே இல்லை; அனுப்பினார்களா, சுங்கத்தில் நின்றதா என்று இன்றும் அறியேன். ரத்து செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியதற்கு, பொருளைத் திருப்பி அனுப்பினால் பரிசீலிக்கிறோம் என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. வராத பொருளை எப்படித் திருப்புவது என்று கேட்டதற்கும் அதே பதில், ஓர் எழுத்துக் கூட மாறாமல். அறிக்கையில் இருந்த கட்டணமில்லாத் தொலைபேசி எண் இங்கிருந்து அழைத்தால் இணைப்பே ஆகவில்லை.

வங்கியின் குறுஞ்செய்திகள் வந்திருந்தன, அதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மதியம் என்றால் இங்கே நடுநிசி. மே 21 அன்று பின்னிரவு 2.40-க்கு வந்த செய்தி, காலையில் நான் எழுந்தபோது நகைக்கடைச் சலுகை, காப்பீட்டுத் தவணை, தண்ணீர் கேன் என்று இருபது செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. விற்பனையாளரின் பெயரில் சிகரெட் என்றோ வேப் என்றோ எதுவும் இல்லை. சத்துமாத்திரைக் கடையின் பெயர் போல இருந்தது. பார்த்திருந்தாலும் மனைவி ஏதோ வாங்கியிருப்பாள் என்று தாண்டிப் போயிருப்பேன்.

கொசுறும் மாம்பழத் துண்டும்

சித்தப்பா மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். விஷயத்தை அவனிடம்தான் முதலில் சொன்னேன், அதுவும் யாருக்கோ நடந்தது போல. அவன் சிரித்துவிட்டு, "அண்ணா, இங்க கடைக்குப் போனா ஐடி பாப்பான், காசு வாங்குவான், பொருளைக் கொடுப்பான், அதோட முடிஞ்சுது. ஃப்ரீயா கொடுக்கறவனுக்குக் கார்டு நம்பர் எதுக்கு?" என்றான். அந்த 4.95 டாலர் அனுப்பும் செலவே அல்ல, கார்டின் சாவி என்பதை அவன் சொல்லித்தான் உணர்ந்தேன். அந்நாட்டிலேயே இ-சிகரெட்டை இலவச மாதிரியாகக் கொடுப்பது 2016 ஆகஸ்ட் 8 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இணையத்தில் விற்பவர் வாங்குபவரின் வயதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். அந்நாட்டு அஞ்சல் துறை இப்பொருட்களைப் பொதுவாக ஏற்பதும் இல்லை. ஆக, வயது கேட்காமல், இலவசம் என்று சொல்லி, கிருஷ்ணகிரிக்கு அனுப்புகிறேன் என்பவர், நம் சட்டத்தை மட்டுமல்ல, தம் ஊர்ச் சட்டத்தையும் மதிக்காதவர். முதல் வரியிலேயே இரண்டு நாட்டுச் சட்டத்தை மீறுகிறவர் நான்காவது வரியில் என்னிடம் நாணயமாக இருப்பார் என்று நம்பியிருக்கிறேன்.

இந்த வியாபாரம் எனக்கு மட்டும் நேர்ந்த அதிசயமும் அல்ல. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2018-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு விற்பனைக் கூட்டத்தின் மீது நீதிமன்றத்துக்குப் போனது. முகப்பூச்சு, உடல் இளைக்கும் மாத்திரை, இ-சிகரெட் ஆகிய மூன்றையும் ஐந்து டாலருக்கும் குறைவான 'ஆபத்தில்லாச் சோதனை'யாகக் காட்டி, பிறகு முழு விலையையும் மாதச் சந்தாவையும் பிடித்தார்கள் என்பது வழக்கு. மறு ஆண்டில் மாஸ்டர்கார்டு நிறுவனம், பொருளைச் சோதனைக்கு அனுப்பும் விற்பனையாளர்கள் சோதனைக் காலம் முடிந்ததும் வாடிக்கையாளரிடம் சம்மதம் பெற்ற பிறகே பணம் எடுக்க வேண்டும் என்று விதி செய்தது. விதி வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் சம்மதம் என்று எதைக் கருதினார்கள்? பேசாமல் இருந்ததைத்தான். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பெண் பார்க்கும் படலத்தில் சொல்வார்கள். அந்தப் பழமொழியை வைத்து ஒருவர் கடை நடத்த முடியும் என்று நான் நினைத்ததில்லை.

நம் பக்கம் இலவசத்துக்குப் பஞ்சமில்லை. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக வாங்காமல் காய்கறிக் கடையை விட்டு நகரும் ஆள் இந்த ஊரில் இல்லை. ஆனால் கொசுறு எப்போதும் வியாபாரம் முடிந்த பிறகு வருவது. காசைக் கொடுத்து, பையைக் கையில் வாங்கிய பிறகு, கடைக்காரர் மனமுவந்து அள்ளிப் போடுவது. முன்னாலேயே கொடுக்கும் இலவசமும் நமக்குத் தெரியும். மே, ஜூன் மாதங்களில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் மாம்பழக் கடை போட்டிருப்பவர்கள் வண்டியை நிறுத்தியதும் ஒரு செந்தூராவையோ மல்கோவாவையோ எடுத்து, கத்தியின் நுனியிலேயே ஒரு துண்டைக் குத்தி நீட்டுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் புளிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பின்னாலிருந்து ஒன்றிரண்டு வார்த்தை கேட்கலாம், ஆனால் அடுத்த மாதம் வீட்டுக்கு வந்து ஒரு கூடைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். துண்டு கொடுப்பதற்கு முன் அவர்கள் நம் சட்டைப் பையைத் திறந்து வைக்கச் சொல்வதும் இல்லை.

படிவத்தின் ஏழாவது கட்டம்

ஜூன் 24, திங்கட்கிழமை. காலையில் என் கார்டு அறிக்கையை அச்செடுத்துத் தந்த உதவியாளர் பெண், அதில் மூன்று வரிகளைப் பென்சிலால் கோடிட்டிருந்தாள். அவளை அப்படிப் பழக்கியதே நான்தான். "சார், இது என்ன கம்பெனி? மூணு தடவை வந்திருக்கு" என்றாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. வயிற்றில் ஏதோ இறங்கியது. "புத்தகம் வாங்கினேன்மா, தப்பா எடுத்துட்டாங்க போல" என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல, தானாக வந்தது. அவள் அதை நம்பி, உடனே வங்கியின் தகராறுப் படிவத்தையும் அச்செடுத்துக் கொண்டு வந்து வைத்தாள்.

அந்தப் படிவத்தை நான் நன்றாக அறிவேன். பத்துப் பேருக்காவது நிரப்பிக் கொடுத்திருப்பேன். கார்டின் கடைசி நான்கு எண், பரிவர்த்தனை நாள், தொகை எல்லாம் எழுதியாயிற்று. ஏழாவது கட்டத்தில் 'வாங்கிய பொருள் அல்லது சேவையின் விவரம்' என்று இருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது. எதிரே உதவியாளர் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கீழே மளிகைக் கடையில் மிளகாய் மூட்டையைப் பிரித்திருப்பார்கள் போல, நெடி மாடிப்படி வழியாக ஏறி வந்து அவள் இரண்டு முறை தும்மினாள். நான் அந்தக் கட்டத்தில் 'புத்தகங்கள்' என்று எழுதினேன். 'கள்' விகுதியைக் கூடச் சேர்த்து எழுதினேன். உண்மைக்கு மாறான விவரம் தர வேண்டாம், ஒரு பொய் ஒன்பது கேள்வியைக் கொண்டு வரும் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அடுத்த கட்டம், விலைப்பட்டியலின் நகலை இணைக்கச் சொன்னது. மின்னஞ்சலில் வந்திருந்த விலைப்பட்டியலில் பொருளின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை இணைத்தால் பொய் நிற்காது. இணைக்காவிட்டால் படிவம் செல்லாது.

படிவத்தை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டேன். வேலை அதிகம், ஜூலை 31 கெடு முடியட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அலற முடியாது என்று பாட்டி சொல்வாள். சிறு வயதில் அது நகைச்சுவையாகத்தான் கேட்டது. அந்த வாரம் முழுக்க அந்தப் பழமொழியை நான் வேறு திசையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்: திருடன் எந்த வழியாக வருவான், எந்த இடத்தில் கை வைப்பான் என்று தெரிந்து அங்கே தேளை விட்டு வைக்கிற ஒருவன் இருந்தால்? தடை செய்த பொருளை விளம்பரம் செய்கிறவனுக்கு வாங்குபவன் வாய் திறக்க மாட்டான் என்பது எதிர்பாராத லாபம் அல்ல, அதுதான் முதலீடே. முதல் மௌனம் 14 நாளில் அவனுக்குப் பணம் தருகிறது. அடுத்த மௌனம் அந்தப் பணத்தை அவனிடமே தங்க வைக்கிறது. இரண்டாவது மௌனத்துக்குச் சாம்பல் நிற எழுத்து கூடத் தேவைப்படவில்லை. நானே இலவசமாகக் கொடுத்தேன்.

கார்டை நிறுத்தி வைக்க வேண்டும் என்கிற எளிய காரியத்தைக் கூட நான்கு நாள் கழித்துத்தான் செய்தேன். அந்த நான்கு நாளும் இன்னொரு தொகை போயிருக்கலாம். போகவில்லை என்பது என் சாமர்த்தியம் அல்ல.

மனைவிக்குத் தெரிந்த விதம் சுவாரஸ்யமானது அல்ல. உதவியாளர் பெண் அவளிடம் தொலைபேசியில் வேறு எதற்கோ பேசும்போது, சார் வாங்கிய புத்தகப் பணம் திரும்ப வந்துவிட்டதா அக்கா என்று கேட்டிருக்கிறாள். அன்றிரவு தட்டில் களியைப் போட்டு, குழிக்குள் கீரைக் குழம்பை ஊற்றிவிட்டு, மனைவி கேட்டாள்: "புத்தகம் வாங்கினது பொய்யா, இல்ல சிகரெட்டை விட்டுட்டேன்னு சொன்னது பொய்யா? எதுன்னு தெரிஞ்சா அதுக்கு மட்டும் சண்டை போடுவேன்." இரண்டும் பொய் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த சண்டை வரவில்லை. மகள் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் புதிய படிவம் எடுத்து, ஏழாவது கட்டத்தில் இ-சிகரெட் என்றே எழுதி, சோதனைக்காலம் பற்றிய அந்த நான்கு வரியின் திரைப்பிடிப்பையும், பொருள் வரவில்லை என்று நான் அனுப்பிய மின்னஞ்சல்களையும் இணைத்துக் கிளைக்கு நேரிலேயே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அந்தச் சொல்லைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு முத்திரை குத்தினார். நான் கற்பனை செய்து வைத்திருந்த அவமானம் அவ்வளவில் முடிந்துபோனது. மூன்று மாதம் கழித்து இரண்டாவது 89.95 டாலர் மட்டும் திரும்பி வந்தது. முதலாவதற்கு, விதிமுறைகளை நீங்களே ஏற்றிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. வங்கி மீது எனக்குக் குறையில்லை. திருட்டுப் பரிவர்த்தனையை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொன்னது உண்மைதான். ஆனால் அது வேறு யாரோ புகுந்து எடுத்த பணத்துக்கு. இங்கே கதவைத் திறந்து விட்டவன் நான்.

நம் நாட்டுக்குள் நடக்கும் சந்தாக்களுக்கு இப்போது கொஞ்சம் காப்பு இருக்கிறது. 2021 அக்டோபர் முதல், கார்டில் தொடர் பிடித்தம் என்று பதிவு செய்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தியிலிருந்தே நிறுத்தவும் முடியும். தொடர் பிடித்தம் என்று பதியாமல் ஒவ்வொன்றையும் தனி விற்பனையாகக் காட்டி எடுக்கிற வெளிநாட்டுக் கடைக்கு இது எட்டாமல் போய்விடுகிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஓடும் கடிகாரமும் மாறாத ஏழு பெட்டியும், வெளியேற முடியாத சந்தாப் பொறியும் அதில் இருக்கின்றன. அப்படி ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். பணமே களவு போனதென்றால் சைபர் குற்றத்துக்கு 1930. இந்த எண்கள் என் அலுவலகச் சுவரில் அப்போதும் ஒட்டியிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டில், இது சட்டப்படி விற்கும் ஊரில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் தம்பி சொன்னதையே சொல்வேன்: கடைக்குப் போய் விலை கொடுத்து வாங்குவதில் இந்தத் தொல்லை இல்லை. இணையத்தில் 'சோதனை' என்ற சொல்லைப் பார்த்தால், சோதனை முடிந்த பின் என்ன விலை, நாள் எதிலிருந்து எண்ணப்படுகிறது, நிறுத்துவதற்குப் பொருளைத் திருப்ப வேண்டுமா என்பதைப் பொத்தானுக்குக் கீழே தேட வேண்டும், மேலே அல்ல. தவறி ஒப்புக்கொண்டிருந்தால் அன்றே ரத்து செய்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்து, வங்கியிடம் கார்டையே மாற்றச் சொல்ல வேண்டும். விலையை மறுத்தால் போதாது. எண் அவர்களிடம் இருக்கும் வரை அடுத்த மாதமும் உண்டு. சிகரெட்டை விடுவதற்கென்றால் இதற்குள் போகவே வேண்டியதில்லை. 1800-11-2356 என்ற எண்ணில் அரசின் கட்டணமில்லா ஆலோசனை இருக்கிறது, மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. நான் அதைத்தான் மெல்கிறேன். சிகரெட் நாளைக்கு இரண்டாகக் குறைந்திருக்கிறது, பூஜ்யம் என்று எழுத ஆசைதான்.

போன மாதம் ஓசூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை, இருபத்தாறு வயதிருக்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறான், கார்டுச் செலவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஆறு மாத அறிக்கையைக் கொடுத்தான். நான்காவது பக்கத்தில் 423 ரூபாய்க்கு ஒரு வெளிநாட்டுப் பரிவர்த்தனை, சரியாகப் பதினான்கு நாள் கழித்து அதே பெயரில் ஏழாயிரத்துச் சொச்சம். என் உதவியாளரின் பென்சில் கோடு அங்கே ஏற்கெனவே விழுந்திருந்தது. "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். அவன் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி, "ஹெட்செட் சார். ஆன்லைன்ல வாங்கினேன்" என்றான்.

உதவியாளரைக் கீழே போய் மூன்று டீ சொல்லிவிட்டு வரச் சொன்னேன். அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும், இழுப்பறையைத் திறந்து, ஓராண்டாக மடிந்தே கிடந்த அந்தப் பழைய படிவத்தை எடுத்து அவன் முன் விரித்து வைத்தேன். அவன் மேலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டு வந்தான். ஏழாவதில் விரலை வைத்து நிறுத்தி, தலையைத் தூக்காமலேயே, "புத்தகமா சார்?" என்றான்.